கானகப் பயணி மா. கிருஷ்ணன்



சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கோ திருப்பதிக்கோ பேருந்தில் செல்வோர் கனகம்மாசத்திரம் என்னும் ஊரை அறிவர். அதுவே என் ஊர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பின்னும் அவ்வூரிலேயே வாழ்ந்து வருகின்றேன். எங்கள் ஊரின் பெயரிலேயே பயணம் அடங்கியிருக்கிறது. புகைவண்டியும் பேருந்தும் வாராத காலத்தில், மலைக்கோயில்களை நோக்கிக் கால்நடையாகச் சென்ற வழிப்போக்கர்கள் இரவில் தங்கிச் செல்லுதற்கென்று நம் நாடெங்கும் சத்திரங்கள் எழுந்தன. அச்சத்திரங்களின் பெயரே பல ஊர்களுக்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது.

சத்திரத்தில் தங்குவோர்க்கு எழுதாத நெறி ஒன்று உண்டு. பிறர் உறங்கும் வேளையில் உரக்கப் பேசலாகாது. கிணற்று நீரை அழுக்காக்கலாகாது. விடிந்தவுடன் அடுப்பைத் துப்புரவு செய்து, படுத்த இடத்தைப் பெருக்கி, அடுத்து வருவோர்க்கு விட்டுச் செல்லுதல் வேண்டும். இச்சிறு நெறியை மனத்திற் கொண்டு, கானகங்களைத் தேடித் தம் வாழ்நாளெல்லாம் பயணம் செய்த தமிழர் ஒருவரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விழைகின்றேன். அவர் பெயர் மா. கிருஷ்ணன். 1912ஆம் ஆண்டு பிறந்து 1996ஆம் ஆண்டு மறைந்தவர்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன், அவரை நான் எவ்வாறு அறிந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று. எனினும் மாணவர்க்குப் பயன்படுமாயின் ஆசிரியன் தன் பிழையை மறைத்தல் தகாது.

1989ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தை மாதத்தில் ஒரு நாள், நாற்பது மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வேடந்தாங்கலுக்குச் சென்றேன். சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர் ஏரி. அங்கே நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும், நீர்க்காகமும், அரிவாள்மூக்கனும், வக்காவும், கூழைக்கடாவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். இவற்றையெல்லாம் நான் முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். மாணவர்களும் பார்த்து எழுதிக்கொண்டனர். ஆனால் அவ்விடத்தில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை நான் எழுதவில்லை. எனக்கே அது தெரியாது.

ஏரிக்கரையை அடைந்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டனர். பறவைகள் மரத்தில் அசையாது அமர்ந்திருந்தமையால் அவை பறப்பதைக் காணவேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு. ஒரு மாணவன் கல்லொன்றை எடுத்து நீரில் வீசினான். மரங்களிலிருந்து நூற்றுக்கணக்கான பறவைகள் ஒருங்கே எழுந்தன. பிள்ளைகள் கைதட்டினர். உண்மையைச் சொல்வதாயின், நானும் அக்காட்சியின் அழகில் மயங்கி நின்றேனேயன்றி, அவனைத் தடுக்கவில்லை. தாய்ப்பறவை நீங்கிய கூடுகளை நோக்கிக் காகங்கள் வந்தமையைச் சற்றுப் பின்னரே கண்டேன்.

கரைமேல் வந்துகொண்டிருந்த முதிய உழவர் ஒருவர் என்னருகே நின்றார். அவர் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவில்லை. என்னை நோக்கி, "வாத்தியாரய்யா, விருந்தாளி வந்திருக்கிற வீட்டு வாசல்ல நின்னு கல்லெறியலாமா? நீங்க சொல்லித் தரமாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. நான் ஒருவன் மட்டும் பேசவில்லை.

அவ்வுழவரின் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். வேடந்தாங்கல் மக்கள் அப்பறவைகளை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்து வருகின்றனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ் என்பார் அவ்வுரிமையை அவ்வூரார்க்கு எழுத்து வடிவில் வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. ஆகவே, பறவையைக் காத்தவன் தன் வயலையும் காத்தவனாகிறான். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊரார் இருக்கின்றனர். படித்த நான் அறியாத நெறியைப் படியாத உழவர் அறிந்திருந்தார்.

அந்நாணத்தால் உந்தப்பட்டு, உயிரினங்களைப் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவ்வாறு கிடைத்தவற்றுள் ஒன்று, 1961ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜங்கிள் அண்டு பேக்யார்டு' என்னும் ஆங்கில நூல். 'காடும் கொல்லைப்புறமும்' என்பது அப்பெயரின் பொருள். இயற்றியவர் மா. கிருஷ்ணன். காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் அப்பெயரே என்னை முதலில் நிறுத்தியது.

இனி அவர் வரலாற்றைக் காண்போம். கிருஷ்ணன் திருநெல்வேலியில் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார், தமிழில் முதல் நாவல்கள் எழுதியவர்களுள் ஒருவரும், 'பத்மாவதி சரித்திரம்' இயற்றியவருமான அ. மாதவையா. எட்டு மக்களுள் இவரே கடைக்குட்டி. மாதவையா 1925ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று பேசி முடித்த சிறிது நேரத்தில் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

அக்குடும்பம் மயிலாப்பூரில் வாழ்ந்தது. இன்று மாடிவீடுகள் நெருங்கிய அப்பகுதி அக்காலத்தில் புதர்கள் அடர்ந்து, நரியும் வெளிமானும் திரியும் வெளியாக இருந்தது. பதினொரு வயதில் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தார். இன்று அதற்குச் சட்டம் இடம் தாராது. ஆகவே, நீங்கள் அதனைப் பின்பற்ற வேண்டா. ஆனால் அவர் கண்கள் திறந்தது கொல்லைப்புறத்தில்தான் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் மாநிலக் கல்லூரியில் படித்தபோது, தாவரவியல் பேராசிரியர் பைசன் என்னும் ஆங்கிலேயருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடிகொடிகளை ஆராயச் சென்றார். நல்லாசிரியர் ஒருவருடன் நடந்த நடை, அவர் வாழ்நாள் பயணத்திற்கு முதற்படியாயிற்று.

மாணவர்களே, கிருஷ்ணன் தாவரவியலிலும் சட்டத்திலும் பட்டம் பெற்றவர். எனினும் நிலையான பணி எளிதிற் கிட்டவில்லை. அச்சகத்திலும் பிற இடங்களிலும் சில காலம் பணிபுரிந்தார். நம் வானொலியிலும் சிறிது காலம் பணியாற்றினார். படங்கள் வரைந்தார், கட்டுரைகள் எழுதினார். 1942ஆம் ஆண்டில், பல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே பள்ளி ஆசிரியராகவும், நீதிபதியாகவும், விளம்பர அலுவலராகவும், அரசரின் அரசியல் செயலராகவும் வெவ்வேறு பணிகளைச் செய்தார். ஆடு மேய்த்தும் பார்த்தார். கடிதம் கொண்டு செல்லுதற்கெனப் புறாக்களையும் வளர்த்தார். பணி முடிந்த பொழுதெல்லாம் அம்மலைப்பகுதியில் சுற்றித் திரிந்தார். 1949ஆம் ஆண்டில் அச்சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார்.

திரும்பியவர் மீண்டும் ஒரு மாதச் சம்பள வேலையைத் தேடவில்லை. எழுத்தையும் புகைப்படத்தையுமே தம் பிழைப்பாகக் கொண்டார். மனைவி மக்களை உடைய ஒருவர், காட்டையும் பறவையையும் பற்றி எழுதியே வாழ்வேன் என்று துணிவது அக்காலத்தில் சிறு செயலன்று. 1950ஆம் ஆண்டு முதல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இரு வாரத்திற்கு ஒருமுறை இயற்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலானார். அத்தொடர் நாற்பத்தாறு ஆண்டுகள் நடந்தது. கணக்கிட்டால் ஆயிரம் கட்டுரைகளைத் தாண்டும். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். அன்றைய இதழிலும் அவர் கட்டுரை வந்திருந்தது.

தமிழிலும் அவர் எழுதினார். அக்கட்டுரைகள் பின்னாளில் சு. தியடோர் பாஸ்கரன் அவர்களால் தொகுக்கப்பெற்று 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் நூலாக வந்துள்ளன. உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். உயிரினங்களின் பெயர்களைத் தமிழில் அறியவேண்டும் என்ற எண்ணம் அந்நூலைப் படிப்பவர்க்குத் தானே எழும்.

நிற்க. கிருஷ்ணனின் பயண முறையை இனி நோக்குவோம். அவருக்கு முன்னர் நம் காடுகளுக்குச் சென்றோரில் மிகப் பலர் துப்பாக்கியுடனேயே சென்றனர். கொன்ற புலியின்மேல் கால் வைத்து நின்று படம் எடுத்துக்கொள்வது அக்காலத்துப் பெருமை. வனத்துறை அதிகாரி சாம்பியன் என்பார் 1920களில் இமயமலை அடிவாரத்தில், புலி தன் காலால் இடறும் கம்பியைக் கொண்டு தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளுமாறு செய்து, துப்பாக்கிக்கு மாறாக ஒளிப்படக் கருவியை ஏந்தலாம் என்று காட்டினார். கிருஷ்ணனும் அவ்வழியில் வந்தவரே. ஆனால் அவர் விரும்பியது, கண்முன் நின்ற விலங்கை இயற்கையான ஒளியில், அதன் இயல்பான செயலில் படம் பிடிப்பது.

அவர் கருவியைக் கண்டோர் நகைத்தனர் என்பர். ஒரு கம்பெனியின் பெட்டியும் வேறொரு கம்பெனியின் தொலைவில்லையும் அவராலேயே பொருத்தப்பட்டுப் பெரும் பாரமாக இருக்கும். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று வருந்தும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். வண்ணப்படம் எளிதில் கிடைத்த பின்னரும் கறுப்பு வெள்ளைப் படங்களையே அவர் பெரிதும் விரும்பினார்.

கால்நடையாகவும், பழக்கிய யானையின்மீது அமர்ந்தும் அவர் காட்டில் சென்றார். இவ்விரண்டிற்கும் காரணம் உண்டு. விலங்குகள் பெரும்பாலும் மனிதனைக் கண்ணால் அறிவதற்கு முன் மூக்கால் அறிகின்றன. நம் முதுகுப் பக்கமிருந்து காற்று வீசுமாயின், நம் வாடை நமக்கு முன்னே சென்று செய்தி சொல்லிவிடும். ஆகவே, காற்று முகத்தில் படுமாறு நடத்தல் காடறிந்தோர் முறை. யானைமேல் அமைதியாக அமர்ந்து சென்றாலோ, யானையின் உருவும் வாடையும் மனிதனை மறைத்துக்கொள்ளும். மானும் காட்டெருதும் மேய்ச்சலை விடா. இவ்வாறு பல மணி நேரம் பேசாமல் இருத்தற்குப் பொறுமை வேண்டும். கிருஷ்ணனிடம் இருந்த பெருஞ்செல்வம் அதுவே. காட்டு யானைகளை அவர் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கண்டார்.

1968ஆம் ஆண்டில் அவருக்கு ஜவகர்லால் நேரு நினைவு ஆய்வுநல்கை கிடைத்தது. அப்பொழுது அவர் வயது ஐம்பத்தாறு. பலர் ஓய்வை எண்ணும் அவ்வயதில், தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டி விலங்குகள் எங்கெங்கே, எந்நிலையில் உள்ளன என்பதை நேரிற் கண்டறியப் புறப்பட்டார். அதன் பயனாக எழுந்த நூலை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வாய்வு நடந்த ஆண்டுகளில் நம் நாட்டில் இன்றுள்ளதுபோன்ற காட்டுயிர்ச் சட்டம் இல்லை. 1972ஆம் ஆண்டில்தான் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புலிகள் காப்புத் திட்டம் ஒன்பது காப்பகங்களுடன் தொடங்கியது. அத்திட்டத்தை வழிநடத்திய குழுவிலும், இந்தியக் காட்டுயிர் வாரியத்திலும் கிருஷ்ணன் உறுப்பினராக இருந்தார். பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தது.

இத்தனை காடுகளைக் கண்டவர் எதைப் பற்றி எழுதினார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? யானையும் புலியும் மட்டுமல்ல. வேலியோரத்து ஓணானும், வீட்டுக்கூரை அணிலும், தெருவோரத்து மைனாவும், மின்கம்பியில் அமரும் கரிச்சானும் அவர் கட்டுரைகளில் இடம் பெற்றன. தொலைவிலுள்ள காட்டில் எத்தகைய கவனத்துடன் நின்றாரோ, அதே கவனத்துடன் தம் வீட்டுக் கொல்லையிலும் நின்றார். இதிலிருந்து நான் கற்றது ஒன்று. பயணத்தின் அளவு கடந்த தொலைவால் அமைவதில்லை; கண்டு தெளிந்ததால் அமைகிறது.

இங்கிலாந்து நாட்டில் கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார் ஒருவர் இருந்தார். 1720ஆம் ஆண்டு பிறந்தவர். தம் வாழ்நாளில் பெரும்பகுதியை செல்போர்ன் என்னும் தம் சிற்றூரிலேயே கழித்தார். ஆயினும், உருவத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றிய சிறு பறவைகள் உண்மையில் மூன்று வெவ்வேறு இனங்கள் என்பதை, அவற்றின் குரலைக் கேட்டே பிரித்தறிந்தார். 1789ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. தெருமுனையில் நின்று பார்க்கத் தெரிந்தவனே தேக்கடியிலும் பார்ப்பான். தெருமுனையில் பாராதவன் தேக்கடிக்குச் சென்றும் படகை மட்டுமே கண்டு திரும்புவான்.

இவ்வுண்மையைக் கற்றபின் என் பள்ளியில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். எந்தச் சுற்றுலாவுக்குச் செல்வதாயினும், அதற்கு முன் ஒரு மாத காலம் மாணவர்கள் பள்ளியைச் சுற்றியுள்ள உயிரினங்களைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். காலைப் பிரார்த்தனைக்கு முன் கால்மணி நேரம். பேசலாகாது. கண்டதை மட்டும் எழுதலாம்; கேட்டதையோ புத்தகத்தில் படித்ததையோ எழுதலாகாது. முதல் வாரத்தில் எல்லோரும் எழுதியது "காக்கை" என்பதே. இரண்டாம் வாரத்தில் செம்போத்து வந்தது, கொண்டலாத்தி வந்தது, பனங்காடை வந்தது. மாணவர்கள் புதிய பறவைகளைக் கொண்டுவரவில்லை. பறவைகள் அங்கேயே இருந்தன, கண்கள்தாம் புதியன.

அவ்வாண்டுக் குறிப்பேடுகளுள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஏட்டை நான் இன்றும் வைத்திருக்கிறேன். பள்ளிக்கு எதிரே அப்பொழுது ஒரு பனந்தோப்பு இருந்தது. அங்கே பறந்த பனை உழவாரன் என்னும் சிறு பறவையை அப்பெண் கூர்ந்து நோக்கியிருந்தாள். அப்பறவை, தொங்கும் காய்ந்த பனையோலையின் அடிப்புறத்தில், பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். தன் நாளின் பெரும்பகுதியை வானில் பறந்து பூச்சிகளைப் பிடிப்பதிலேயே கழிக்கும். "இக்குருவி தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, காய்ந்த ஓலையை வெட்டாத மரங்களுக்கு மட்டும் போகிறது" என்று அவள் எழுதியிருந்தாள். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி, எவரும் சொல்லித் தாராமல், தன் கண்ணால் கண்டு எழுதிய வாக்கியம் அது. என் பணிக்காலத்தில் நான் திருத்திய விடைத்தாள்கள் எத்தனையோ ஆயிரம். அவற்றுள் ஒன்றும் எனக்கு இத்தகைய மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் அப்பனந்தோப்பு வீட்டுமனைகளாயிற்று. பனைகள் வீழ்த்தப்பட்டன. அதன்பின் அங்கே பனை உழவாரனை நான் கண்டதில்லை. ஒருவரும் அது குறித்துப் பேசவில்லை. இருந்தது என்று அறிந்தவர்க்கன்றோ இழந்தது என்றும் தெரியும்? எங்கள் பள்ளிக்கு எதிரே அப்பறவை வாழ்ந்தது என்பதற்கு அச்சிறுமியின் ஏட்டைத் தவிர வேறு சான்று இன்றில்லை. கிருஷ்ணன் வாழ்நாளெல்லாம் எழுதியது ஏன் என்பது அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. பார்த்து எழுதி வைத்தல், அழிவைத் தடுக்கும் முயற்சியின் முதற்படி. தடுக்க இயலாதபோது, அது அவ்வுயிர்க்கு நாம் செய்யும் கடைசி மரியாதையும் ஆகும்.

எங்கள் தொண்டை நாட்டு ஊர்ப்பெயர்களை எண்ணிப் பாருங்கள். திருவாலங்காடு எங்களுக்கு மிக அருகில் உள்ளது. அப்பால் திருவேற்காடும் மாங்காடும் இருக்கின்றன. ஆலும், வேலும், மாவும் அடர்ந்த காடுகளை நம் முன்னோர் ஊர்ப்பெயர்களில் வைத்துச் சென்றனர். காடுகள் போயின, பெயர்கள் நின்றன. பெயர் மட்டும் நிற்கும் நிலை, எஞ்சியிருக்கும் காடுகளுக்கும் வாராதிருக்க வேண்டுமல்லவா?

காட்டுயிர்களைக் காணப் பயணம் செய்வதையும், பிறரை அழைத்துச் சென்று காட்டுவதையும் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர்கள் இன்று பலர் உள்ளனர். கிருஷ்ணன் காலத்தில் அதற்கெனப் படிப்பு இல்லை. இன்று உண்டு. தேராதூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் 1982ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரால் 1990ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நடுவம் அமைந்தது. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் கல்லூரியில் காட்டுயிரியல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தாவரவியலோ விலங்கியலோ படித்தோர்க்கு இவ்வழிகள் திறந்துள்ளன. ஆனால் ஒன்று சொல்வேன். பிறரைக் காட்டுக்கு அழைத்துச் செல்பவன், வருவோரின் ஆவலுக்கு அடிபணிந்து, புலிக்கு அருகே வண்டியை ஓட்டுபவனாக இருத்தல் தகாது. "போதும், இதற்குமேல் நெருங்க வேண்டா" என்று சொல்லும் துணிவுடையவனே அத்தொழிலுக்கு உரியவன். 1989ஆம் ஆண்டில் அத்துணிவு என்னிடம் இருந்திருந்தால், அவ்வேரிக்கரையில் அக்கல் எறியப்பட்டிராது.

எனவே, மாணவர்களே, உங்களுக்கு மூன்று கடமைகளைச் சொல்லி முடிக்கின்றேன். முதலாவது, நாளைக் காலையில் உங்கள் வீட்டு வாசலிலோ பள்ளி மரத்தடியிலோ கால்மணி நேரம் பேசாது நின்று, கண்டதை ஓர் ஏட்டில் எழுதுங்கள்; நாளும் ஆண்டும் இடமும் குறிக்க மறவாதீர்கள். இரண்டாவது, கண்ட உயிரின் பெயரை அவ்வூர் முதியோரிடம் கேளுங்கள். ஆடு மேய்ப்பவரும், பனையேறுபவரும், ஏரியில் மீன் பிடிப்பவரும் அறிந்த பெயர்கள் பல நூல்களில் இல்லை. மூன்றாவது, காட்டுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைக்குமாயின், மெல்லப் பேசுங்கள், உணவை வீசாதீர்கள், ஒரு தாளும் உறையும் அங்கே விட்டு வாராதீர்கள். விலங்கு ஒன்றும் தென்படாவிட்டாலும் வருந்தாதீர்கள். நீங்கள் அதனைக் காணாத அந்நேரத்தில், அது உங்களைக் கண்டிருக்கக்கூடும்.

இவ்வுரையின் தொடக்கத்தில் சத்திரத்தின் நெறியைச் சொன்னேன். காடும் அத்தகைய ஒரு சத்திரமே. அங்கே வீட்டுக்காரர் பலர் உண்டு. நாமோ ஓரிரவு தங்கும் வழிப்போக்கர். தம் எண்பத்து மூன்று ஆண்டு வாழ்வில் அச்சத்திரத்திற்குப் பலமுறை சென்று, எதனையும் எடுத்து வாராமல், கண்டதை மட்டும் எழுதி நமக்குத் தந்தவர் மா. கிருஷ்ணன். நாம் தங்கிய இடத்தைப் பெருக்கி வைத்து, பின்னால் வருவோர்க்கும் அங்கே வாழ்வோர்க்கும் அதனை அவ்வாறே விட்டுச் செல்வோமாக.